இரண்டே துப்பாக்கி என்றால், எந்த இரண்டு?

கேரளத்தில் எறணாகுளம் மாவட்டத்தின் கிழக்கே, கோதமங்கலம் பக்கம் மரவள்ளியும் வாழையும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி தீராத தலைவலி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை மட்டும் 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

என் கணக்கில் முதலாவது பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி. குழலின் அகலத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். எண் வந்த வழி அதுதான். ஒரே குழலில் பொடி ரவையும் போடலாம், பெரிய உருண்டைகளான எல்.ஜி. ரவையும் போடலாம், ஒற்றைக் குண்டும் போடலாம். பன்றிக்குப் பொடி ரவை உதவாது. ஆண் பன்றியின் தோளில் தோலுக்கடியில் கேடயம் போலத் தடித்த திசு இருக்கிறது. ரவை அதிலேயே நின்றுவிடும். காயத்தோடு ஓடும் பன்றி அடுத்து எதிர்ப்படுபவரைக் குத்தும். எல்.ஜி. ரவையானாலும் முப்பது, நாற்பது மீட்டருக்குள்தான் நம்பலாம்.

அதற்கு மேல் தூரமென்றால் .315 ரைஃபிள். குழல் விட்டம் 0.315 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டர். ராணுவத்தின் .303 தோட்டா கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடுமென்று பிரிட்டிஷ் அரசு அதைத் தனியாருக்குத் தடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தடை செய்யப்பட்ட ரகம்தான். அந்த இடத்தில் நிலைத்தது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315. பன்றிக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும் அதன் வலு போதும். .22 விலை குறைவு, சத்தமும் குறைவு. பன்றிக்கு அது ஆகவே ஆகாது.

பழைய வேட்டைக்காரர்களும் நிறைய சுமக்கவில்லை. ஜிம் கார்பெட் பெரும்பாலும் இலேசான .275 ரிக்பியையும் கனமான .450/400 இரட்டைக் குழலையும் வைத்தே சமாளித்தார். சேலம், தர்மபுரிக் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர் ஒன்றே பிரதானம்.

ஆனால் அவர்கள் சுட்டது பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில். கேரளத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன; குறி தப்பிய .315 தோட்டா கிலோமீட்டருக்கு மேல் போகும். அதனால் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பன்னிரண்டு போரையே சொல்வேன். ரைஃபிள் எடுப்பவர் மேட்டில் நின்று கீழ்நோக்கிச் சுட வேண்டும். பன்றியைத் துளைத்து வந்தாலும் தோட்டா மண்ணில் புதையும்.