உங்களுக்குத் தெரியுமா? பச்சை மலையில் பச்சைச் சிறுத்தை!

டிக்கோயாவில் தேயிலைச் செடிக்கு அடியில் பதுங்கியிருக்கும் சிறுத்தை என்ன நிறம்? மஞ்சள் என்றால் உங்களுக்குப் பாதி மார்க்குதான்! மரையைக் கேட்டால் பச்சை என்றல்லவா சொல்லும்! மான் இனத்தின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புக் கலங்கள் 2 வகை மட்டுமே. நமக்கு 3. செம்மஞ்சளும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. செடி எங்கே முடிகிறது, சிறுத்தை எங்கே தொடங்குகிறது? பாவம், மரைக்குத் தெரியாது!

2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் புலிப் படங்களை 2 வகைக் கூம்புக் கண்ணுக்குத் தெரிவதுபோல் மாற்றிப் பார்த்தார்கள். ஆரஞ்சுப் புலி பச்சைப் புலியாகிவிட்டது!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பூனை இனத்தின் கண்ணும் அப்படித்தான். தன் மேனி நாம் காணும் நிறம் என்பது அந்தச் சிறுத்தைக்கே தெரியாது!

கருஞ்சிறுத்தை முழுக்கக் கறுப்பா? இல்லவே இல்லை! புள்ளிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கறுப்புக்குள் கறுப்பு, அதனால் நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் காட்டுக் கமெராவிடம் இந்த ஏமாற்று வேலை செல்லாது. அத்தனை புள்ளியும் பளிச்! மலேசியக் காடுகளில் இப்படித்தான் கருஞ்சிறுத்தைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள்.

நம் மலையகத்திலும் கருஞ்சிறுத்தை உண்டு, தெரியுமா? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டியது. காப்பாற்றிக் கொண்டுபோயும் மே 29ஆம் திகதி இறந்துவிட்டது. மங்கிய வெளிச்சத்திலும் பார்க்கும் கண்ணுக்கு அந்த மெல்லிய கம்பி தப்பிவிட்டது!

அந்தக் கண்ணின் சமாச்சாரம் தனி. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம். உள்ளே வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இரண்டாம் தடவையும் பயன்படுத்தும்! லயத்து அடுப்படிப் பூனைக்கும் அதே படலம்தான். நமக்குத் தேவையான வெளிச்சத்தில் 6இல் 1 பங்கு அதற்குப் போதும். ஆனால் நுணுக்கமான கோடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், பூனை தோற்றுவிடும்!

கழுகுக் கண் என்று பெருமை பேசுகிறோம். கழுகையே நாம் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது! மங்கலான பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறிய, ஆய்வுகூடத்தில் நமக்கு 1 சதவீத ஒளி வித்தியாசம் போதும். கூர்மையில் நம்மை 2 மடங்குக்கு மேல் மிஞ்சும் அவுஸ்திரேலிய ஆப்புவால் கழுகுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் வேண்டும். கூண்டில் கத்தும் லவ் பேர்ட்ஸுக்கோ 10!

மூடுபனியில் எதிர்மலை எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை! மலைக்கும் வானத்துக்கும் உள்ள ஒளி வித்தியாசம்தான் கரைந்துபோகிறது. அது எவ்வளவுக்குச் சுருங்கினால் மலை மறைந்ததாக அர்த்தம்? ஜெர்மானியர் கோஷ்மீடர் 1924இலேயே வெளிக்காட்சிக்கு ஒரு கணக்கு வைத்துவிட்டார்: வெறும் 2 சதவீதம்!

ஹட்டன் பாதையில் பனிக்குள் வண்டி ஓட்டுகிறவர்களே, கேளுங்கள்! காட்சி மங்கினால் வேகமும் குறைந்ததுபோல் மூளை நம்பிவிடும். 1998இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் வண்டி ஓட்டும் பாவனைக் காட்சியில் பனியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஓட்டியவர்கள் தம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டினார்கள்! கண்ணை விடுங்கள், வேகமானியைப் பாருங்கள்.

பௌர்ணமிக்குச் சிவனொளிபாதமலைக்கு மேல் வரும் நிலா வெள்ளையா? சுத்தப் பொய்! தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார் ரோட்டின் நிறம்! சுற்றி வானம் கன்னங்கரேல் என்று இருப்பதால் நாம் ஏமாறுகிறோம்.

ஹோர்ட்டன் சமவெளியின் மகாரத்மல் பூ பகலில் செக்கச்செவேல். அந்தி மங்கினால் பூ கறுக்கும், பக்கத்து இலை பளிச்சிடும்! செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே இந்த விளையாட்டைக் கண்டுபிடித்து சுமார் 200 வருடமாகிறது.

கண் விஷயத்தில் தவளை இன்னும் மோசம். ஈ அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு. சுற்றிச் செத்த ஈக்கள் குவிந்து கிடந்தாலும் பட்டினி கிடக்கும்! 1959இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி வைத்த உண்மை.

இரண்டு இலை, ஒரு மொட்டு. தேயிலை நிரையில் நிற்கும் அக்காமார் முற்றின இலையையும் கொழுந்தையும் ஒரு நொடியில் பிரித்துவிடுகிறார்கள். இந்தத் திறமைக்கு வயது கோடிக்கணக்கான வருடம்! நம் 3 வகைக் கூம்புக் கலங்கள் இளந்தளிரைத் தேடித் தின்னவே குரங்குகளுக்கு வாய்த்தன என்று 2001இல் ஓர் ஆய்வு வாதிட்டது. நுவரெலியாக் காட்டு மந்தியும் அதே 3 வகைக் கண்ணோடுதான் தளிர் பறிக்கிறது. அதற்கு நிறுவைதான் கிடையாது!

கடைசியாகத் தேனீ. தூரத்துப் பூவை நிறத்தால் அது கண்டுபிடிக்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? முதலில் தெரிவது வெளிச்ச வித்தியாசம் மட்டும்! பூ கண்ணில் 5 பாகை அகலம் விழுந்தால்தான் இருப்பதே தெரியும், 15 பாகை ஆனால்தான் நிறம். 3 சென்டிமீட்டர் தேயிலைப் பூவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 சென்டிமீட்டருக்கு அப்பால் பூவே இல்லை. ஒரு முழம்கூட வரவில்லை! நிறம் தெரிய இன்னும் கிட்டப் போக வேண்டும். எவ்வளவு கிட்ட? 11 சென்டிமீட்டர்!