மலிவு மருந்தும் மறந்த சோதனையும்

மைசூரு: மண்டியா, சாமராஜநகர் மாவட்ட ஏழை நோயாளிகளும் மைசூரு கே.ஆர். மருத்துவமனையையே நம்பி வருகின்றனர். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க, தமிழகத்தைப் பின்பற்றிக் கர்நாடகமும் தனி அமைப்பை ஏற்படுத்தியது.

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வெற்றிக்கு, மொத்தக் கொள்முதலால் விலை குறைந்தது மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை மாவட்டக் கிடங்கில் பெறலாம். ஆய்வகச் சோதனையில் தேறிய மருந்தே கிடங்கைவிட்டு வெளியேறும். சிக்கனம் பேசுவோர் இந்தச் சோதனையைத்தான் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

2024 நவம்பரில் பெல்லாரி மாவட்ட மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தனர். கர்நாடக மருத்துவப் பொருள் வழங்கு கழகம் அனுப்பிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது சந்தேகம் எழுந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மைசூரு மாவட்டத்துக்கும் மருந்து அனுப்புவது அதே கழகம்தான்.