பழைய ஜெட்டுக்குப் புது காக்பிட்: செலவா, முதலீடா?

"12 வருஷப் பழைய காருக்கு 40,000 ரூபாய்ல டச் ஸ்கிரீன், கேமரா எல்லாம் போடலாமுங்களா?" கோயம்புத்தூர் பக்கம் வேலை பார்க்கிற இளைஞர்கள்கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. இதே கேள்வி, பின்னால இன்னும் சில பூஜ்யங்களோட, சின்ன பிசினஸ் ஜெட் வச்சிருக்கிறவங்களுக்கும் வருது. அவங்க போடுற கணக்கைப் பார்த்தா நம்ம கணக்கும் தெளிவாகும்.

ஏன் மாத்துறாங்க?

பீச்ஜெட் 400ஏ-ன்னு ஒரு சின்ன ஜெட். விமானத்தோட உடம்பு இன்னும் பல வருஷம் பறக்கும். ஆனா காக்பிட்ல இருக்கிறது பழைய டிவி மாதிரி டியூப் ஸ்கிரீன். ஒண்ணு போனா உதிரி பாகம் தேடியே நாள் போயிடும். அதனால கார்மின் ஜி5000 மாதிரி புது எல்சிடி சிஸ்டத்தை மொத்தமா மாத்திப் போடுறாங்க. நெக்ஸ்டன்ட் கம்பெனி இன்னும் ஒரு படி மேல போய், இதே விமானத்துக்குப் புது என்ஜினும் புது காக்பிட்டும் போட்டு 400எக்ஸ்டி-ன்னு 2011-ல இருந்து டெலிவரி கொடுத்தாங்க.

விதி மாறினா கதவு மூடிடும்

2003 நவம்பர்ல இந்திய வான்வெளியில ஒரு மாற்றம் வந்துச்சு. 29,000 அடியில இருந்து 41,000 அடி வரைக்கும் விமானங்களுக்கு நடுவுல 2,000 அடி உயர இடைவெளி இருந்தது, அது 1,000 அடியா குறைஞ்சது. அந்த உயரத்துல பறக்க, துல்லியமான உயரமானியும் உயரத்தைப் பிடிச்சு வைக்கிற ஆட்டோபைலட்டும் வேணும். அது இல்லாத பழைய ஜெட் பொதுவா 29,000 அடிக்குக் கீழேயே பறக்கணும். கீழே பறந்தா ஜெட் என்ஜின் எரிபொருளை அதிகமா குடிக்கும், போற தூரமும் குறையும்.

அடுத்தது ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கின செயற்கைக்கோள் வழிகாட்டி இது. 2022 ஏப்ரல்ல இண்டிகோவோட ஏடிஆர் விமானம் இதை வச்சு ராஜஸ்தான் கிஷன்கர்ல இறங்குச்சு. 2021 ஜூலை 1-க்கு அப்புறம் இந்தியாவுல பதிவாகுற விமானத்துக்கு ககன் வசதி வேணும்னு விதி வந்துச்சு. அப்போ வெளிநாட்டுல இருந்து செகண்ட் ஹேண்ட் ஜெட் வாங்குறவர் இந்தச் செலவையும் கூட்டித்தான் விலை பேசணும்.

மில்லு மிஷின் சொல்ற பாடம்

வரிக் கணக்குல இது ரிப்பேரா, மூலதனச் செலவா? 2007-ல உச்ச நீதிமன்றம் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல ஒரு அளவுகோல் சொல்லுச்சு. இருக்கிற சொத்தைக் காப்பாத்துறதுக்கான செலவுதான் 'நடப்புப் பழுதுபார்ப்பு'. முழு ரிங் ஃப்ரேமையே மாத்தினா அது ரிப்பேர் ஆகாது. இதே பார்வையில, போன ஸ்கிரீனுக்குப் பதிலா அதே மாதிரி ஒண்ணு போட்டா ரிப்பேர்; புது வசதியோட முழு காக்பிட்டும் மாத்தினா மூலதனம்னு பார்க்கத்தான் வாய்ப்பு அதிகம். மூலதனம்னா மொத்தத்தையும் அந்த வருஷமே கழிக்க முடியாது; தேய்மானமா வருஷா வருஷம்தான் கழிக்கணும்.

சம்பளக்காரங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு. வீட்டை விக்கும்போது, மாடி கட்டின மாதிரி மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயத்துல கழிக்கலாம். பெயின்ட் அடிச்சது, குழாய் மாத்தினது பொதுவா கழியாது. அதனால மேம்பாட்டுப் பில்லை எல்லாம் பத்திரமா வைங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி 3 கேள்வி

1. இது இல்லாம எந்தக் கதவு மூடுது? பிரேக், டயர்னா யோசிக்கவே வேண்டாம், உடனே மாத்துங்க. டச் ஸ்கிரீன் இல்லைன்னா எதுவும் நிக்காது.

2. இன்னும் எத்தனை வருஷம் வச்சிருப்பேன்? சொந்தக் கார் ஆர்சி 15 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். 12 வருஷக் காருக்கு மீதி 3 வருஷம்.

3. விக்கும்போது எவ்வளவு திரும்ப வரும்? 40,000 போட்டு 10,000 கூடுதலா கிடைக்கும்னு வைங்க. நிகரச் செலவு 30,000. 36 மாசத்துக்குப் பிரிச்சா, மாசம் சுமார் 833 ரூபாய்.

அந்த 833 ரூபாய்க்கு அந்த வசதி உங்களுக்கு வேணும்னா தாராளமா போடுங்க. "விக்கும்போது காசு வந்துடும்"னு நம்பி மட்டும் போடாதீங்க.