அமெரிக்க நகரங்களில் ரயிலும் பஸ்ஸும்

அமெரிக்கா என்றதும் மோட்டார் காரின் நாடு என்ற எண்ணமே நம் மனத்தில் முதலில் எழும். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்நாட்டு நகரங்கள் அனைத்தும் இவ்விஷயத்தில் ஒரே தன்மையன அல்ல. நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பின் நிமித்தமும் உத்தியோக நிமித்தமும் அங்கே சென்ற வண்ணம் இருக்கின்றனர். பேரக்குழந்தையைக் காணச் செல்லும் தாய் தந்தையர் பலர் கார் ஓட்ட அறியார். ரயிலும் பஸ்ஸும் இல்லாத பகுதியில் அவர்கள் பகல் முழுதும் வீட்டுக்குள் அடைபட்டிருக்க நேரிடும். ஆகவே எந்நகரம் எவ்வகையில் சிறந்தது என்று அறிந்துகொள்வது வீண் வேலை அன்று.

சுரங்க ரயிலில் மூத்த நகரம் பாஸ்டன். நெரிசல் மிகுந்த தெருவிலிருந்து டிராம்களை விலக்குவதற்காக 1897-இல் அங்கே திறக்கப்பட்ட சுரங்கம் இன்றும் பயன்படுகிறது. எனினும் அளவிலும் ஆற்றலிலும் முதலிடம் நியூயார்க்குக்கே உரியது. 1904-இல் தொடங்கிய அதன் சுரங்க ரயிலுக்கு இன்று 472 நிலையங்கள் உள்ளன. முக்கியமான பல தடங்களில் நான்கு தண்டவாளப் பாதைகள் இருக்கின்றன. நடுவிரண்டில் விரைவு வண்டிகளும் ஓரங்களில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளும் ஓடுகின்றன. மும்பை அன்பர்களுக்கு இம்முறையின் அருமை நன்கு விளங்கும். இரவில் இரண்டு பாதைகளைப் பழுது பார்க்க ஒதுக்கினாலும் மற்ற இரண்டில் வண்டி செல்லலாம். இருபத்துநான்கு மணி நேரமும் ரயில் ஓடுவதற்கு இது பெருந்துணை. குறை என்னவெனில், பல நிலையங்களில் லிப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அப்படிக்கட்டுகள் பெருஞ்சோதனை.

அவர்களுக்கு உகந்த நகரம் வாஷிங்டன். 1976-இல் தொடங்கிய அதன் மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் லிப்ட் உண்டு. ஆனால் பாதைகள் இரண்டே ஆதலால், நள்ளிரவுக்குப் பின் வண்டிகள் ஓய்வெடுக்கின்றன.

சிகாகோவில் எஃகுத் தூண்கள் மீது செல்லும் ரயில் 1892-இல் தோன்றியது. நகரின் இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கும் ரயில் நேரே செல்வது அதன் ஒரு சிறப்பு. ரயில் தடங்கள் பெரும்பாலும் நகர மையத்தை நோக்கியே செல்லுகின்றன. ஆயினும் கட்டம் கட்டமாய் அமைந்த தெருக்களில் நேர்கோடாய்ச் செல்லும் பஸ்கள் அக்குறையைப் பெரிதும் தீர்க்கின்றன.

ஸான்பிரான்ஸிஸ்கோவில் குன்றேறும் கேபிள் டிராம் 1873 முதல் பெயர் பெற்றது. 1972-இல் அவ்வட்டாரத்தில் தொடங்கிய 'பார்ட்' ரயில், 1974 முதல் விரிகுடாவின் அடியிலும் செல்கிறது. ரயில்வே ஊழியனாகிய என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. அமெரிக்க ரயில்பாதையின் பொது அகலம் 4 அடி 8½ அங்குலம். பார்ட்டின் முதன்மைப் பாதைகளோ நம் அகலப் பாதையைப் போலவே 5 அடி 6 அங்குலம்!

லாஸ் ஏஞ்சலீஸின் வரலாறு ஒரு பாடம். ஹென்றி ஹண்டிங்டன் 1901-இல் நிறுவிய பஸிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்சார ரயில்கள், உச்சநிலையில் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பாதைகளில் ஓடின. கார்கள் பெருகித் தெருக்களை அடைத்தன. வண்டிகள் தாமதமாயின, பிரயாணிகள் குறைந்தனர், பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லாங் பீச்சுக்குச் சென்ற கடைசித் தடமும் 1961-இல் நின்றது. பின்னர்ப் பெரும் பொருட்செலவில் 1990-இல் ரயில் மீண்டு வந்தபோது, அது பெரும்பாலும் சென்றது அதே பழைய லாங் பீச் வழியில்தான். சென்னை 1953-லும் மும்பை 1964-லும் டிராமுக்கு விடை கொடுத்தன. இன்று இவ்விரு நகரங்களும் மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைகின்றன. ஒரு பாதையைப் பெயர்த்தெறிவது எளிது. அதனை மீண்டும் பெறுவது எளிதன்று.

ஆகவே, அங்கே குடியேறும் பிள்ளைகளுக்கு அன்பர்கள் ஒன்று சொல்லலாம். வீட்டின் வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். நிலையத்துக்கு நடந்து செல்ல முடியுமா, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும், இரவில் கடைசி வண்டி எப்போது, படியேறாமல் செல்ல வழியுண்டா என்ற நான்கையும் விசாரிக்கட்டும். கார் ஒன்றின் செலவு மிஞ்சினும் மிஞ்சும்; ஊரிலிருந்து வரும் பெற்றோரும் பிறர் தயவின்றிக் கடைவீதிக்கும் கோவிலுக்கும் தாமே சென்று வருவர்.