வைரத்தின் காணாக் குற்றம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் மணி வீதியைச் சுற்றிப் பார்க்கிறான் கோவலன். அங்கே விற்கப்பட்ட வைரங்கள் இன்ன இன்ன குற்றங்கள் நீங்கியவை என்று இளங்கோவடிகள் எண்ணிக் காட்டுகிறார். கல்லின் குற்றம் கண்டறியும் கலை தமிழர்க்குப் பழையது. ஆயினும் எத்துணைக் கூர்மையான கண்ணுக்கும் புலப்படாத குற்றம் ஒன்று வைரத்துக்கு உண்டு. அக்கல்லைத் தோண்டிய கை யாருடையது, விற்ற பணம் எதற்குச் செலவாயிற்று என்பதே அது. போருக்குப் பொருள் தேடித்தரும் வைரத்தை இக்காலத்தார் 'மோதல் வைரம்' என்றும் 'இரத்த வைரம்' என்றும் வழங்குவர்.

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. கோனோ மாவட்டத்து வைர வயல்களைக் கைப்பற்றிய கிளர்ச்சிப் படையினர், ஊர் மக்களை அடிமைகளைப்போல் வேலை வாங்கிக் கற்களைத் தோண்டுவித்தனர். அக்கற்கள் அண்டை நாடான லைபீரியா வழியே வெளியேறின. ஆயுதங்கள் உள்ளே வந்தன. பொதுமக்கள் பலர் கைகள் வெட்டப்பட்டு முடமாயினர். அங்கோலாவிலும் யுனிற்றா இயக்கம் வைரம் விற்றே நெடுங்காலம் போர் நடத்தியது.

இத்தகைய போருக்கு வைரம் ஏன் இவ்வளவு ஏற்றதாயிற்று? இதற்கு விடை காண ஆபிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டத்துத் திரியாய்க்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை இருக்கிறது. அங்கும் நிலம் தந்த செல்வம் உண்டு. அது இல்மனைற்று முதலிய கனிமங்கள் செறிந்த கரு மணல். போர்க்காலத்தில் அச்செல்வமும் தப்பவில்லை. 1997 செப்டெம்பரில், அங்கே மணல் ஏற்ற வந்திருந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பல் தாக்கப்பட்டது. மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். ஆனால் மணலைத் திருடி விற்றுப் போர் நடத்துதல் அரிது. அதை அள்ள இயந்திரம் வேண்டும். ஏற்றக் கப்பல் வேண்டும். ஊரறியாமல் எதுவும் நடவாது. வைரமோ அவ்வாறன்று. ஆற்றுப் படுகையில் கிடக்கும் கல்லை எடுக்க மண்வெட்டியும் சல்லடையும் போதும். ஒரு பிடி கல் ஒரு படைக்கு ஆயுதம் வாங்கித் தரும். மடியில் முடிந்துகொண்டு எல்லை கடக்கலாம். பட்டை தீட்டிவிட்டாலோ, அது எந்த ஆற்று மணலிற் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் எவராலும் கூற இயலாது.

இக்கொடுமையைத் தடுக்க உலகம் மெல்லத்தான் விழித்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1998 இல் அங்கோலா அரசின் சான்றிதழ் இல்லாத அந்நாட்டு வைரத்தைத் தடைசெய்தது. 2000 ஆம் ஆண்டு சியரா லியோன் வைரத்துக்கும் அவ்வாறே தடை விதித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரில் வைரம் தோண்டும் நாடுகளின் பிரதிநிதிகளும், வணிகரும், தொண்டு நிறுவனத்தாரும் கூடினர். அங்கே தொடங்கிய பேச்சு 2002 நவம்பரில் சுவிற்சர்லாந்தின் இன்ரர்லாக்கன் நகரில் உடன்பாடாக முடிந்தது. 2003 ஆம் ஆண்டு முதல் 'கிம்பர்லிச் செயன்முறை' நடைமுறைக்கு வந்தது.

அதன் விதி எளியது. பட்டை தீட்டாத வைரம் எல்லை கடக்கும்போது, பிரித்தால் தெரிந்துவிடும் வகையில் முத்திரையிட்ட பெட்டியில் அடைக்கப்பட வேண்டும். அரசின் சான்றிதழ் உடன் செல்ல வேண்டும். உறுப்பு நாடுகள் தமக்குள் மட்டுமே அவ்வணிகத்தை நடத்த வேண்டும். இலங்கையும் இதில் ஓர் உறுப்பு நாடு. இங்கே தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை இப்பொறுப்பை வகிக்கிறது. உலக வைரத்தின் பெரும்பகுதியைப் பட்டை தீட்டும் சூரத் நகரையுடைய இந்தியாவும் உறுப்பு நாடே. 2008 இலும் 2019 இலும் இவ்வமைப்புக்கு அது தலைமை தாங்கியது.

இம்முயற்சி பயனற்றதன்று. எனினும் வேலியில் ஓட்டைகள் உள. முதலாவது, 'மோதல் வைரம்' என்னும் சொல்லுக்கு அது தரும் பொருள் மிகக் குறுகியது. அரசை எதிர்க்கும் கிளர்ச்சியாளருக்குப் பணம் தரும் கல்லே மோதல் வைரமாகும். அரசின் படைகளே கொடுமை செய்தால் அந்தக் கல் அவ்வரையறைக்குள் அடங்காது. சிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் 2008 இல் வைரம் தோண்டச் சென்றோர் பலர் பாதுகாப்புப் படையினராற் கொல்லப்பட்டனர். ஆயினும் 2011 இல் அவ்வயல்களின் வைர ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்தது. இவ்வமைப்பு உருவாக முன்னின்று உழைத்த குளோபல் விற்னஸ் நிறுவனம் அவ்வாண்டு டிசெம்பரில் மனம் வெறுத்து விலகியது. இரண்டாவது, சான்றிதழ் பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டுமே உரியது; நகையில் ஏறிய கல்லுக்கு வணிகரின் எழுத்துமூல உறுதிமொழியே துணை.

அங்ஙனமாயின் வைரத்தையே வெறுத்து ஒதுக்கிவிடலாமே எனச் சிலர் கூறுவர். அது நியாயமன்று. 1966 இல் விடுதலை பெற்ற பொற்சுவானா நாடு, அடுத்த ஆண்டு கண்டெடுத்த வைரத்தைக் கொண்டே வீதிகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் அமைத்துக்கொண்டது. ஒரு நாட்டை அழித்த கல்லே மற்றொரு நாட்டை வாழ்வித்தது. குற்றம் கல்லில் இல்லை. அது கைமாறும் வழியில் இருக்கிறது.

ஆகவே, மகளின் திருமணத்துக்குத் தோடோ மூக்குத்தியோ வாங்கச் செல்லும் பெற்றோர், விலையையும் ஒளியையும் விசாரிப்பதோடு நின்றுவிடலாகாது. 'இக்கல் எங்கிருந்து வந்தது? மோதலுக்குத் தொடர்பற்றது என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?' என்றும் கேட்டல் வேண்டும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கலாம். பலரும் கேட்டால் அவர் தமக்கு விற்றவரைக் கேட்பார். அக்கேள்வி கைமாறிக் கைமாறிச் சுரங்கத்தின் வாயில் வரை செல்லும்.

திரியாய்க் குன்றில் வடமொழியிற் பொறித்த பழங் கல்வெட்டொன்று உண்டு. அது வணிகர் கூட்டத்தாரைப் பெயர் கூறிப் போற்றுகிறது. பொருளோடு அறத்தையும் கொண்டுசென்ற வணிகருக்குக் கல்லும் பெயர் காத்து வைத்திருக்கிறது. அதே ஊர் மக்கள் 1985 இலும் 1990 இலும் போரினால் வீடு வாசல் இழந்து ஓடியவர்கள். எங்கோ ஒரு தூர தேசத்தில், ஒரு கல்லின் பொருட்டுத் தம்மைப்போல் ஓடியவர்களின் துயரம் இன்னதென்று அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சிலம்பு யாருடையது என்று ஆராயாமையால் ஒரு பாண்டியன் செங்கோல் வளைந்தது. கண்ணகி தன் சிலம்பை உடைத்து உண்மை காட்டினாள். வைரத்தை உடைத்தால் உண்மை வெளிவராது. வாங்கும் முன்னரே ஆராய்தல் ஒன்றே வழியாகும்.