பாக்கெட்டுக்குள் இருப்பது உரமல்ல, உயிர்

அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர்ப் பாக்கெட்டை வாங்கிவந்து, மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் யூரியா மூட்டைமேல் போட்டுவைப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அப்படிக் கிடந்தால் உள்ளிருக்கும் உயிர் செத்து, நடவுக்குப் பிரிக்கும்போது மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் கரித்தூள்தான். பழி மட்டும் நுண்ணுயிர்மேல் விழும்.

உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் இருப்பதுபோல் நெல்லுக்கு வேர்முடிச்சு கிடையாது. ஆனாலும் புல்லின வேர்களை ஒட்டி நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியா வாழ்கிறது என்பதை 1970-களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். 1978-இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று பெயரிட்டார்கள். வேரிலிருந்து கசியும் மாலிக் அமிலம் போன்றவைதான் அதற்குச் சாப்பாடு. ஆக்சிஜன் மிகுந்தால் அதன் நைட்ரஜன் வேலை நின்றுவிடும்.

இங்கேதான் விளம்பரங்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகின்றன. இந்த பாக்டீரியா பிடிக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பங்கு முதலில் அதன் உடம்புக்கே போகிறது. பயிருக்கு நிச்சயமான லாபம் வேறு வழியில் வருகிறது: அது சுரக்கும் ஆக்சின் என்ற ஊக்கியால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேர் பரந்தால், போட்ட உரத்தைப் பயிர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே யூரியாவைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்திவிட்டுப் பாக்கெட்டை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யூரியாவை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மண்ணுக்குத் தீனி போட வேண்டும். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது வழக்கமான பரிந்துரை. மட்காத வைக்கோலை அப்படியே மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டால் நாற்று வெளுக்கும். வைக்கோலில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பூக்கும் தறுவாயில் மடக்கி உழுத தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரில் இந்தச் சிக்கல் இல்லை. இளந்தழை சீக்கிரம் அழுகிச் சத்தை விட்டுவிடும்.

நாற்றின் வேரை நனைக்க, ஹெக்டேருக்கு 200 கிராம் அசோஸ்பைரில்லம் பாக்கெட் ஐந்தை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 15 முதல் 30 நிமிடம் வேர் மூழ்கும்படி வைத்தால் போதும். பாஸ்போபாக்டீரியாவையும் சேர்த்துக் கரைக்கலாம். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) அமிலம் சுரந்து கரைத்துத் தருவது அது. ரசாயன உரத்தோடு மட்டும் கலக்கக் கூடாது.

வயலில் தண்ணீர் நிற்கிறதென்றால் அசோலா என்ற நீர்ப்பெரணியையும் விடலாம். அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசிதான் நைட்ரஜனைப் பிடிக்கிறது. களையெடுக்கும்போது அசோலாவைச் சேற்றில் மிதித்து அமுக்கிவிட வேண்டும். மட்கினால்தான் அந்தத் தழைச்சத்து நெல்லுக்குக் கிடைக்கும்.