கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு

உள்ளாட்சிப் பணம் பற்றிய பேச்சு தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் செலவுக்கு ஊரே ஒப்புதல் தந்ததாக எந்தப் புத்தகத்தில், எந்த நேரத்தில், யார் எழுதினார்கள் என்ற மூன்றாவது கேள்வி எழுவது அரிது. ஆனால் தணிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் கணக்கில் வருவது அந்தப் புத்தகம்தான். புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டை போன்ற ஓர் ஊராட்சியில் கிராம சபை கூடும் நாளில் எத்தனை பேர் எழுந்து நின்று எதிர்த்துப் பேசினாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு மறுநாள் காலையில் நடக்காத பேச்சாகிவிடுகிறது.

கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட அவை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசமைப்புத் திருத்தம் அதற்கு ஏற்பு அளித்தது என்றாலும், அதற்குரிய அதிகாரங்கள் எவை என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 3 ஆவது பிரிவு அந்த வெற்றிடத்தை நிரப்பி, கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையை ஏற்பது, நடைபெறும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வது ஆகியவற்றைச் சபையின் பணிகளாக வகுத்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்ற முறை வந்தது.

இந்தக் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதத்தின் பெரும்பகுதி, பணம் எந்த வழியில் வருகிறது என்பது விளக்கப்படாததால் பிறப்பது. வீட்டு வரி, தொழில் வரி போன்ற சொந்த வருவாயும் மாநில நிதி ஆணையத்தின் வழியே வரும் மானியமும் ஒரு கணக்கில் சேர்கின்றன. மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரிய பணம் இன்னொரு கணக்கில் நிற்கிறது. திட்டப் பணம் வேறொரு கணக்கின் வழியே வந்து போகிறது. 15 ஆவது மத்திய நிதி ஆணையம் 2021-22 முதலான ஐந்து ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனைக்கு உட்பட்டது. அதாவது பாதி குடிநீருக்கும் பாதி துப்புரவுக்கும் மட்டுமே செலவிடத் தக்கது. எஞ்சிய 40 விழுக்காடு உள்ளூர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடக் கூடியது என்றாலும், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. ஆகவே, தெருச் சாலைக்குப் பணம் இல்லை என்று தலைவர் சொல்வதும், ஊராட்சியில் இலட்சக்கணக்கில் பணம் கிடக்கிறது என்று குடியிருப்பவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இந்தப் பிரிவினையைச் சபையில் யாரும் எடுத்துச் சொல்லாததால், தீர்க்கக் கூடிய ஐயம் தீராத பகையாக மாறுகிறது.

கணக்கு வாசிக்கப்படும் முறையும் அதே அளவுக்குக் குறைபாடுடையது. கூட்டம் நடக்கும் இடத்தில் பிளக்ஸ் பேனராகக் கட்டப்படும் வரவு செலவு விவரத்தில் குடிநீர்ப் பராமரிப்பு, தெருவிளக்குப் பராமரிப்பு, துப்புரவு என்ற தலைப்புகளும் அவற்றின் மொத்தத் தொகைகளும் இருக்கின்றன. தலைப்பின் கீழ் மறைந்திருப்பவை எவை என்பது தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும். எந்தத் தெருவின் போர்வெல் மோட்டார் எந்த மாதத்தில் எரிந்தது, அதைக் காயில் கட்டியது எத்தனை முறை, எத்தனை அடி பைப் மாற்றப்பட்டது, எத்தனை எல்.இ.டி. விளக்குகள் வாங்கப்பட்டு எந்தக் கம்பங்களில் மாட்டப்பட்டன, பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வந்தது என்பவை எல்லாம் வவுச்சரிலும் இருப்புப் பதிவேட்டிலும் இருக்கின்றன. கட்டுமானப் பணி என்றால், நீளம், அகலம், கனம் ஆகியவற்றை ஒன்றியப் பொறியாளர் அளந்து குறிக்கும் அளவுப் புத்தகம், அதாவது ஊரில் எம்.புக் என்று வழங்கும் பதிவேடு, இருக்கிறது. தலைப்புத் தொகையைக் கேட்டு ஒருவரும் எதையும் சரிபார்க்க முடியாது. ஆனால் தன் தெருவில் மோட்டார் எத்தனை நாள் ஓடவில்லை என்பதை அந்தத் தெருவில் குடம் தூக்கிய ஒவ்வொரு பெண்ணும் சொல்லிவிடுவார். தணிக்கையாளரிடம் இல்லாத இந்த அறிவைப் பயன்படுத்துவதற்காகவே சட்டம் கணக்கை ஊர் நடுவில் வைக்கச் சொன்னது.

ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் உழைப்பாளர் அமைப்பொன்று நடத்திய பொது விசாரணை இதை மெய்ப்பித்தது. அரசுப் பணிகளின் வருகைப் பட்டியல்களும் ரசீதுகளும் பெயர் பெயராக, வரி வரியாக ஊர் மக்கள் முன் வாசிக்கப்பட்டபோது, தாளில் கூலி வாங்கியதாக இருந்தவர்கள் கூட்டத்திலிருந்தே எழுந்து தாங்கள் அந்த வேலைக்குப் போகவில்லை என்றார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் தொடர்ந்து நடந்த இத்தகைய விசாரணைகளும், 1996 இல் பியாவர் நகரில் நாற்பது நாள் நீடித்த தர்ணாவும் தகவல் உரிமைக் கோரிக்கையை நாடு முழுவதும் கொண்டுசென்றன. 2005 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17 ஆவது பிரிவில் கிராம சபைக்கு அளித்த சமூகத் தணிக்கை உரிமைக்கும் வேர் அங்கே இருக்கிறது. சமூகத் தணிக்கை என்பது, தாளைத் தாளோடு ஒப்பிடும் வழக்கமான தணிக்கையைப் போலன்றி, தாளில் உள்ளதை நிலத்தோடும் மனிதரோடும் ஒப்பிடுவது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சங்கம் 2013 இல் அமைக்கப்பட்டது. ஆனால் நூறு நாள் வேலையின் வரவு செலவுக்குப் பழகிய இந்த முறை, ஊராட்சியின் மற்றப் பணங்களுக்கு நீளவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைக் குறைவெண் வரம்பு என்பார்கள். தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 பேர் வரை 100, 10,000 பேர் வரை 200, அதற்கு மேல் 300 என்று அது வகுக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கை நிறைந்ததற்குச் சான்று கையெழுத்து. ஆகவே கூட்டம் தொடங்கியதும் நடக்கும் முதல் வேலை கையெழுத்து வாங்குவது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்துவந்து வரிசையில் நிறுத்துவதும் வழக்கம். அந்தக் கையெழுத்துகள் எந்தத் தீர்மானத்துக்குக் கீழே விழுகின்றன என்பதுதான் கேள்வி. முதல் சில பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த பக்கங்களில் கையெழுத்து வாங்கி, தீர்மானங்களைப் பிறகு ஒருநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்ற புகார் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. புகார் ஒவ்வோர் ஊரிலும் உண்மையா என்பது வேறு. அப்படிச் செய்வதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் புத்தகத்திலோ நடைமுறையிலோ இல்லை என்பதே கவலைக்குரியது.

வெற்றுப் பக்கத்தின் கீழ் விழுந்த கையெழுத்து என்ன செய்யும் என்பதை விரித்துப் பார்க்க வேண்டும். சபையில் யாரும் கேள்விப்படாத ஒரு பணி, சபை ஒருமனதாக ஏற்றுக்கொண்ட பணியாக அங்கே இடம்பிடிக்க முடியும். முதியோர் உதவித்தொகைப் பட்டியலிலும் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிப் பட்டியலிலும் சபை படிக்காத பெயர்கள் சபை ஒப்புக்கொண்ட பெயர்களாகச் சேர முடியும். குளத்து வரத்துக்கால்வாயின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று ஒரு மணி நேரம் நடந்த வாக்குவாதம் ஒரு வரிகூட இல்லாமல் மறைய முடியும். கணக்கை ஏற்க மறுத்துப் பேசியவருடைய கையெழுத்தே அந்தக் கணக்கை ஏற்றதற்குச் சான்றாக நிற்கும் என்பது இவற்றிலெல்லாம் கொடியது. பின்னால் வரும் தணிக்கை செலவுக்குத் தீர்மானம் இருக்கிறதா என்று கேட்கும், தீர்மானம் இருக்கும். தீர்மானத்தின் கீழ் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இருநூறு கையெழுத்து இருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தச் செய்தி மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதலாக உறைக்க வேண்டும். 1991 இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் கூலி வேலை முடித்து வந்த பெண்களை மாலை வகுப்புகளில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது; கற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற கதை நாடறிந்தது; கல்குவாரிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை எடுத்துக் கணக்கு எழுதியதும் அந்த ஆண்டுகளின் வரலாறுதான். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போடுவதை அந்த இயக்கம் பெருமைக்குரிய திருப்பமாக நடத்தியது. அவ்வாறு கற்ற கையெழுத்தை, எதற்கென்று படித்துக் காட்டாமல் வெற்றுப் பக்கத்தில் வாங்குவது அந்தப் பெண்களிடமிருந்து ஒன்றைப் பறிப்பதாகும். இங்குள்ளவர்களுக்குப் பேசத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் திரண்டவர்கள் வாரக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து, திட்ட ஆவணங்களின் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாதாடினார்கள். தொலைவிலிருந்து வரும் திட்டத்தை எதிர்க்கத் திரளும் ஊர், தன் தெருவிளக்குக் கணக்கின் முன் வாய்மூடி நிற்பதற்குக் காரணம் அறியாமை அன்று. கேள்வி கேட்டவருக்கு உறவுக்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் வரும் முகமுறிவு.

கணக்குக் காட்டுவதைத் தகுதியாக வைக்கும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதும் அன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே நினைவுகூரப்படுகின்றன; ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்ற விதியே அவற்றின் உயிர்நாடி. அது பிராமணர் ஊர்ச் சபை, ஊரார் எல்லோருக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய சபையில் எல்லோருக்கும் இடமுண்டு. அந்த விதியின் கண்டிப்பு இல்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாத காலங்களில் புத்தகத்தின் கவலை இரட்டிப்பாகிறது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடியும் முன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசமைப்பின் 243-உ பிரிவு கூறுகிறது. இருந்தும் 2016 அக்டோபர் முதல் 2020 சனவரி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் புதுக்கோட்டை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்ததும் தனி அலுவலர் முறை மீண்டும் வந்தது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திடும் ஏற்பாடு குறைகள் கொண்டதுதான் என்றாலும், இருவரும் ஊரில் குடியிருப்பவர்கள், டீக்கடையில் வழிமறித்துக் கேட்கக் கூடியவர்கள். பல ஊராட்சிகளைப் பார்க்கும் ஓர் அலுவலருக்கு ஊர் வைக்கக் கூடிய ஒரே கட்டுப்பாடு கிராம சபையின் தீர்மானம். அதுவும் பிறகு எழுதப்படுமானால் கட்டுப்பாடே இல்லை.

தீர்மானத்தைச் சபையிலேயே எழுத வேண்டும் என்பதற்கு, ஊராட்சிச் செயலர் ஒருவரே வரி வசூல், பதிவேடு, கணினிப் பதிவு எல்லாவற்றையும் சுமக்கிறார், கூச்சலுக்கு நடுவே தீர்மானம் எழுத முடியாது, கணக்கு இப்போது கைப்பேசிச் செயலியிலேயே கிடைக்கிறது என்ற மறுப்புகளும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும், எழுதப்படாத தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்குவதை நியாயப்படுத்தாது.

நகரத்தின் நிலை இதைவிட மெலிந்தது. 2024 இல் மாநகராட்சியாக உயர்ந்த புதுக்கோட்டையோடு சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைப்பது பற்றிய விவாதத்தில் சொத்துவரி உயரும் என்பதும் நூறு நாள் வேலை போய்விடும் என்பதுமே உரத்து ஒலித்தன. கிராம சபை என்ற அவையே இல்லாமற்போகும் என்பதைச் சொன்ன குரல் மிகக் குறைவு. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் முதன்முதலாகப் பரவலாகக் கூடியது 2022 நவம்பர் 1 அன்றுதான். வரவு செலவுக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் கிராம சபையின் இடம் அவற்றுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் பேட்டை பேட்டையாக மக்களைக் கூட்டி முதலீட்டுச் செலவின் முன்னுரிமையை முடிவு செய்ததையும், கேரளம் 1996 இல் தன் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததையும் பார்க்கும்போது, தமிழ்நாட்டு நகரவாசி கேட்டுப் பெற வேண்டியது நிறைய இருக்கிறது.

வல்லத்திராக்கோட்டையிலும் அதையொத்த ஊர்களிலும் செய்யத் தக்கது சிறியது, ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாதது. வருகைக் கையெழுத்துக்குத் தனித் தாள், தீர்மானத்துக்குத் தனிப் புத்தகம். ஒவ்வொரு தீர்மானமும் எழுதப்பட்டு உரக்க வாசிக்கப்பட்ட பிறகு, கடைசி வரிக்குக் கீழே கோடிட்டு மூடி, எதிர்த்தவர்கள் பெயரையும் குறித்து, அதன் கீழ் கையெழுத்து. இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கூட்டம் ஒரு மணி நேரம் நீளும், அவ்வளவே. அது நடக்காத ஊரில், கூட்டம் முடிந்த அன்றே பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்றை எழுதி, அன்றைய தீர்மானப் பக்கங்களின் நகலை யாரேனும் ஒருவர் கேட்கலாம். சட்டப்படி முப்பது நாளுக்குள் நகல் வர வேண்டும். அந்த நகலை அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக வாசிக்கச் சொல்லும் உரிமை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு.